"ரெஸ்ட் எடுங்க சார்": ஓய்வுக்கும் ஒரு வரலாறு உண்டு



பதிவு கொஞ்சம் நீளம். மணி அடித்த பிறகும் விடாமல் நடத்துகிற வழக்கம் எனக்கு இன்னும் போகவில்லை. பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை என்னிடம் பத்தாம் வகுப்பு படித்த நான்கு பேர் வீட்டுக்கு வந்திருந்தார்கள். அவர்களுக்கே இப்போது தலை நரைத்துவிட்டது. காபி டம்ளர்களை எடுத்துவர நான் எழுந்தேன். ஒருவன் பதறிப்போய் என் கையைப் பிடித்து உட்கார வைத்தான். "நீங்க எதுக்கு சார் எழுந்திருக்கிறீங்க? ரெஸ்ட் எடுங்க சார்" என்றான். அவன் கண் கலங்கியிருந்தது. அந்த அன்புக்கு நான் என்ன பதில் சொல்வது? அப்போது பேசாமல் உட்கார்ந்துவிட்டேன். பதிலை இங்கே எழுதுகிறேன்.

தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். எனக்கு வந்திருப்பது புராஸ்டேட் புற்றுநோய். கண்டுபிடித்தபோதே இடுப்பெலும்புக்குப் பரவியிருந்தது. மூன்று மாதத்துக்கு ஒரு ஊசி, தினமும் மாத்திரை என்று இரண்டு வருடமாக ஓடுகிறது. முதல் எட்டு மாதம் எல்லோரும் சொன்னபடி ரெஸ்ட் எடுத்தேன். சாப்பாட்டுத் தட்டு கட்டிலுக்கே வந்தது. செருப்பைக்கூட மருமகள் எடுத்துவைத்தாள். எட்டு மாதம் கழித்து ஒருநாள், ஈசிசேரிலிருந்து யாரும் தூக்கிவிடாமல் என்னால் எழ முடியவில்லை. நோய்தான் முற்றிவிட்டது என்று நினைத்தேன். பரிசோதனை செய்து பார்த்தால் பி.எஸ்.ஏ. அளவு நன்றாகக் குறைந்திருந்தது. நோய் அடங்கியிருந்தது, நான்தான் எழ முடியாமல் கிடந்தேன்.

டாக்டர் என்னை ஒரு பிசியோதெரபிஸ்டிடம் அனுப்பினார். என் பேத்தி வயதுப் பெண். அவள் கேட்ட முதல் கேள்வி: "தாத்தா, உங்களை யார் உட்காரச் சொன்னது?"

வரலாற்று வாத்தியாரிடம் இப்படி ஒரு கேள்வியைக் கேட்கலாமா? நோயாளியை உட்காரச் சொன்னது யார், எப்போது, எந்த ஆதாரத்தின்பேரில் என்று தேடத் தொடங்கினேன். தேடியதில் கிடைத்ததுதான் இந்தப் பாடம்.

ஓய்வே மருந்து என்பது எல்லாக் காலத்துக்கும் பொதுவான விதி என்று நாம் நினைக்கிறோம். அதுவும் ஒரு காலத்தில் வேரூன்றிய கருத்துதான். 1860களில் லண்டனில் ஜான் ஹில்டன் என்ற அறுவை மருத்துவர் ஓய்வும் வலியும் பற்றி ஒரு சொற்பொழிவுத் தொடர் நிகழ்த்தினார். அது நூலாகவும் வந்து பல தலைமுறை மருத்துவர்களுக்குப் பாடமாக இருந்தது. முறிந்த எலும்புக்கும் சீழ்பிடித்த மூட்டுக்கும் ஓய்வு நல்லது என்பது சரிதான். ஆனால் அந்த மருந்து எல்லா நோய்க்கும் பரவியது. 20ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் மாரடைப்பு வந்தவரை நான்கு முதல் ஆறு வாரம் வரை படுக்கையிலேயே வைத்திருப்பார்கள். பிரசவித்த பெண்ணுக்கும் அறுவை சிகிச்சை முடிந்தவருக்கும் நாள்கணக்கில் படுக்கைதான்.

எதிர்ப்பு 1940களில் வலுத்தது. 1947இல் ரிச்சர்ட் ஆஷர் என்ற ஆங்கிலேய மருத்துவர், படுக்கையால் வரும் ஆபத்துகளைப் பற்றிப் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் ஒரு கட்டுரை எழுதினார். காலில் ரத்தம் உறைவது, நெஞ்சில் சளி தேங்குவது, தோல் புண்ணாவது, தசை தேய்வது, எலும்பிலிருந்து சுண்ணாம்புச் சத்து இறங்குவது, மனம் சோர்வது என்று படுக்கை செய்யும் கெடுதல்களை வரிசையாகச் சொன்னார். 1952இல் பாஸ்டனில் சாமுவேல் லெவைன், பெர்னார்ட் லோன் என்ற இருவர், மாரடைப்பு நோயாளிகளைக் கட்டிலிலிருந்து இறக்கி நாற்காலியில் உட்காரவைத்த அனுபவத்தை வெளியிட்டார்கள். வெறும் நாற்காலிதான்! அதுவே அன்றைக்குப் புரட்சி. இந்த லோன்தான் பின்னாளில் அணு ஆயுதப் போருக்கு எதிரான மருத்துவர் இயக்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். அந்த இயக்கத்துக்கு 1985இல் அமைதிக்கான நோபல் பரிசு கிடைத்தது.

அடுத்த ஆண்டே, 1953இல், லண்டன் பேருந்துகளிலிருந்து ஒரு சான்று வந்தது. ஜெரமி மாரிஸ் என்பவரும் அவருடைய குழுவினரும் லண்டன் போக்குவரத்து ஊழியர்கள் சுமார் 31,000 பேரை ஆராய்ந்தார்கள். அங்கே மாடி பஸ். டிரைவர் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பார். கண்டக்டர் மாடிக்கும் கீழுக்கும் நாள் முழுக்க ஏறி இறங்குவார். ஊரும் நிறுவனமும் ஒன்றுதான், வண்டியும் அதே வண்டிதான். ஆனால் இதய நோயும், அதனால் வரும் திடீர் மரணமும் டிரைவர்களைவிடக் கண்டக்டர்களுக்குக் குறைவாக இருந்தன. உடலசைவுக்கும் நோய்க்கும் உள்ள உறவைப் பெருந்திரளான மக்களிடம் அளந்து காட்டிய முதல் ஆய்வுகளில் இது ஒன்று.

1966இல் அமெரிக்காவின் டல்லஸ் நகரில் 20 வயது இளைஞர்கள் ஐந்து பேரை மூன்று வாரம் படுக்கையிலேயே வைத்துப் பார்த்தார்கள். அவர்களுடைய உடல் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் திறன் கால் பங்குக்கு மேல் சரிந்துவிட்டது. முப்பது ஆண்டு கழித்து அதே ஐந்து பேரைத் தேடிப்பிடித்து மறுபடியும் சோதித்தார்கள். ஐம்பது வயதில் அவர்களுக்கு இருந்த திறன், இருபது வயதில் மூன்று வாரம் படுத்து எழுந்தபோது இருந்ததைவிட மோசமாக இல்லை. முப்பது வருட முதுமை செய்யாததை மூன்று வாரக் கட்டில் செய்துவிட்டது. இதைப் படித்தபோது நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன். நான் எட்டு மாதம் படுத்தவன்.

இனி என் நோயின் வரலாறு. அது நாய்களிடமிருந்து தொடங்குகிறது.

சார்லஸ் ஹக்கின்ஸ் 1901இல் கனடாவில் பிறந்தவர், சிகாகோ பல்கலைக்கழகத்தில் அறுவை மருத்துவர். வயதான மனிதர்களைப் போல வயதான நாய்களுக்கும் புராஸ்டேட் வீங்குவதுண்டு. விதைகளை அகற்றினால் அந்த வீக்கம் சுருங்குவதை அவர் கவனித்தார். ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன்தான் அந்தச் சுரப்பியை வளர்க்கிறது என்பது தெளிவாயிற்று. 1941இல் கிளாரன்ஸ் ஹாட்ஜஸ் என்ற மாணவருடன் சேர்ந்து, எலும்புக்குப் பரவிய புராஸ்டேட் புற்றுநோயாளிகளுக்கும் இதையே செய்து முடிவுகளை வெளியிட்டார். வலியில் முடங்கியிருந்தவர்களில் பலருக்கு வலி குறைந்தது, பசி எடுத்தது. புற்றுநோய் உடலின் கட்டளைக்கே கட்டுப்படாத ஒன்று என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருந்த காலம் அது. ஹார்மோனை நிறுத்தினால் அது பட்டினி கிடக்கும் என்று காட்டியதற்காக 1966இல் ஹக்கின்ஸ் நோபல் பரிசு பெற்றார். டல்லஸ் இளைஞர்கள் படுத்துக்கிடந்ததும் அதே ஆண்டில்தான்.

அடுத்த கட்டம் ஊசி. மூளையின் அடிப்பகுதியிலிருந்து விதைகளுக்குப் போகும் கட்டளையைத் தொடங்கிவைக்கும் ஹார்மோன் எது என்று தேடி இரண்டு விஞ்ஞானிகள் போட்டி போட்டார்கள். ஆண்ட்ரூ ஷாலி பன்றிகளின் மூளைத் துணுக்குகளையும், ரோஜர் கில்லெமின் ஆடுகளின் மூளைத் துணுக்குகளையும் லட்சக்கணக்கில் அரைத்துத் தேடினார்கள். 1971இல் அதன் அமைப்பு வெளியாயிற்று. 1977இல் இருவருக்கும் நோபல். இந்த ஹார்மோனைப் போன்ற மருந்தைத் தொடர்ந்து கொடுத்துக்கொண்டே இருந்தால், முதலில் டெஸ்டோஸ்டிரோன் ஏறி, பிறகு உற்பத்தியே நின்றுவிடும். வாசலில் ஓயாமல் காலிங் பெல் அடித்தால் வீட்டுக்காரர் கண்டுகொள்ளாமல் விடுவாரே, அந்த மாதிரி. 1985இல் அமெரிக்காவில் லியூப்ரோலைடு என்ற ஊசிக்கு அனுமதி கிடைத்தது. கத்தி இல்லாமலே ஹக்கின்ஸின் சிகிச்சை. நான் போட்டுக்கொள்வதும் இந்த வம்சத்து ஊசிதான்.

ஆனால் டெஸ்டோஸ்டிரோன் புராஸ்டேட்டுக்கு மட்டும் வேலை செய்வதில்லையே. தசையைக் கட்டுவதிலும், எலும்பைக் காப்பதிலும், ரத்தம் ஊறுவதிலும், மனத்தெம்பிலும் அதற்குப் பங்கு உண்டு. நோயைப் பட்டினி போட்டால் இவையும் சேர்ந்து பட்டினி. 2002இல் அமெரிக்காவில் வந்த ஓர் ஆய்வில் ஆண்களுக்கு 48 வாரம் இந்த ஊசியைப் போட்டு அளந்தார்கள். சராசரியாக உடல் கொழுப்பு 9.4 சதவீதம் கூடியது. தசை முதலிய கொழுப்பற்ற எடை 2.7 சதவீதம் குறைந்தது. இதோடு திடீர் திடீரென்று உடம்பு கொதிப்பது, தூங்கினாலும் தீராத அசதி, எலும்புத் தேய்வு எல்லாம் உண்டு. நோயால் வந்தது என்று நான் நினைத்த பலவீனத்தில் பெரும்பங்கு, நோயை அடக்கிய ஊசிக்கும் என் கட்டிலுக்கும் உரியது.

சரி, உடற்பயிற்சி செய்தால் ஈடுகட்டலாமே என்று யாருக்கும் தோன்றவில்லையா? தோன்றியது. ஆனால் பயம் இருந்தது. புற்றுநோயாளி களைத்துப்போயிருக்கிறார், அவரை மேலும் களைக்க வைப்பதா என்பது ஒரு பயம். எடை தூக்கினால் டெஸ்டோஸ்டிரோன் ஏறி, அடங்கிய நோய் எழுந்துவிடுமோ என்பது புராஸ்டேட் நோயாளிகளுக்கே உரிய இன்னொரு பயம்.

முதல் பயத்தை உடைத்தவர்கள் நர்சுகள். 1980களில் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் மேரில் வின்னிங்ஹாம், மேரி மெக்விகார் என்ற இரண்டு செவிலிய ஆய்வாளர்கள், கீமோ எடுத்துக்கொண்டிருந்த மார்பகப் புற்றுநோய்ப் பெண்களை நிலைசைக்கிள் மிதிக்க வைத்தார்கள். வாரம் மூன்று முறை, பத்து வாரம், பக்கத்தில் ஆள் நின்று கவனிக்க. மிதித்தவர்களின் உடல்திறன் கூடியது. நோயாளியின் கட்டிலருகே அதிக நேரம் நிற்பவர்கள் நர்சுகள்தானே. அந்தக் கேள்வி அவர்களிடமிருந்து வந்ததில் எனக்கு ஆச்சரியமில்லை.

இரண்டாவது பயத்துக்கு 2003வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கனடாவில் ரோன் சீகல் என்ற பெண் மருத்துவரின் தலைமையில் 155 ஆண்கள். எல்லோரும் ஹார்மோனை நிறுத்தும் சிகிச்சையில் இருந்தவர்கள். சீட்டுப் போட்ட மாதிரி இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்குப் பன்னிரண்டு வாரம், வாரம் மூன்று நாள் எடைப்பயிற்சி. மற்றக் குழு காத்திருந்தது. பயிற்சி செய்தவர்களுக்கு அசதியின் தொல்லை குறைந்தது, கைகாலில் பலம் ஏறியது, அன்றாட வாழ்க்கை மேம்பட்டது. பயந்தபடி டெஸ்டோஸ்டிரோனோ பி.எஸ்.ஏ.யோ ஏறவில்லை. ஹக்கின்ஸின் கட்டுரைக்கும் இந்த ஆய்வுக்கும் நடுவே 62 ஆண்டுகள்! அத்தனை ஆண்டுகளும் எத்தனை பேர் என்னைப் போல ஈசிசேரில் கரைந்திருப்பார்கள்!

அதன் பிறகு இந்த வரலாற்றின் தலைநகர் என்று ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரைச் சொல்லலாம். அங்கே எடித் கோவன் பல்கலைக்கழகத்தில் டேனியல் கல்வாவ், ராபர்ட் நியூட்டன் என்ற இருவரும் 2006இல் பத்துப் பேரை வைத்து ஒரு சிறிய ஆய்வு வெளியிட்டார்கள். 2010இல் 57 பேரை வைத்து, எடைப்பயிற்சியும் நடை, சைக்கிள் போன்ற பயிற்சியும் சேர்ந்தால் ஊசியால் கரையும் தசையைத் திரும்பப் பெற முடியும் என்று காட்டினார்கள்.

ஆனால் கடினமான கேள்வி மிச்சமிருந்தது. எலும்புக்கே நோய் பரவியவர் என்ன செய்வது? அந்த எலும்பு முறியக்கூடியது. அதனால் இப்படிப்பட்டவர்களை அதுவரை பெரும்பாலான ஆய்வுகளில் சேர்த்துக்கொள்ளவே இல்லை. பெர்த் குழு ஒரு வழி கண்டது. பயிற்சியை ஆரம்பிப்பதற்கு முன் எலும்பு ஸ்கேனை எடுத்துவைத்து, நோய் எங்கெங்கே உட்கார்ந்திருக்கிறது என்று பார்ப்பது. அந்த இடத்தில் பாரம் ஏறாதபடி ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பாடத்திட்டம் வகுப்பது. இடுப்பெலும்பில் இருந்தால் இடுப்பு மூட்டில் பாரம் ஏற்றும் பயிற்சி கிடையாது. உட்கார்ந்தபடி முழங்காலை நீட்டி மடக்கலாம், கைக்குப் பயிற்சி கொடுக்கலாம், நடைக்குப் பதில் சைக்கிள். முதுகெலும்பில் இருந்தால் குனிவது, வளைவது, திருகுவது கிடையாது. 2013இல் 20 பேர், 2018இல் 57 பேர் என்று இதைச் சோதித்தார்கள். கால் பலமும் அன்றாட வேலை செய்யும் திறனும் கூடின. பயிற்சியால் எலும்பு முறியவில்லை, வலியும் கூடவில்லை.

இங்கேதான் "மேற்பார்வை" என்ற சொல்லைக் கோடிட்டுக் கொள்ளுங்கள். தேர்வில் வரும் என்று நான் சொல்வேனே, அந்தக் கோடு. இந்த ஆய்வுகளில் யாருக்கும் ஒரு தாளில் எழுதிக்கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடவில்லை. ஸ்கேனைப் படித்த ஒருவர் பக்கத்தில் நின்றார். எவ்வளவு எடை, எத்தனை முறை, இன்று வேண்டாம், நாளை கொஞ்சம் கூட்டலாம் என்று சொன்னார். கரும்பலகையில் எழுதிப்போட்டுவிட்டுப் போவதற்கும், பையன் பக்கத்தில் நின்று பேனாவைப் பிடித்து எழுதவைப்பதற்கும் உள்ள வித்தியாசம் உங்களுக்குத் தெரியும்.

டென்மார்க்கில் நடந்ததைச் சொல்லாமல் விட மனமில்லை. கோபன்ஹேகனில் இதே சிகிச்சையில் இருந்த ஆண்களைப் பயிற்சியாளர்களின் கண்முன் கால்பந்து ஆட வைத்தார்கள். அணிக்குப் பெயர் "எஃப்.சி. புராஸ்டாட்டா". 57 பேர் அந்த ஆய்வில் இருந்தார்கள், சராசரி வயது 67. பந்து உருண்டதும் நோயாளி என்பதே மறந்துபோயிற்று போலிருக்கிறது. சிலருக்குக் காயமும் பட்டது, அதை மறைக்காமல் எழுதியிருக்கிறார்கள். தசையும் பலமும் கூடின என்பது 2014இல் வெளியாயிற்று. பிறகு ஊர்க் கால்பந்து கிளப்புகளிலேயே 214 பேரைச் சேர்த்து இன்னொரு பெரிய ஆய்வு நடத்தினார்கள்.

2014இல் இங்கிலாந்தின் தேசிய மருத்துவ வழிகாட்டியில் இது ஏறிவிட்டது. ஹார்மோன் நிறுத்தும் சிகிச்சையில் இருப்பவருக்கு, மேற்பார்வையுடன் எடைப்பயிற்சியும் மூச்சுவாங்கும் பயிற்சியும் வாரம் இரண்டு முறையாவது, பன்னிரண்டு வாரம் தர வேண்டும் என்பது அதன் சாரம். 2018இல் ஆஸ்திரேலியப் புற்றுநோய் மருத்துவர் சங்கம், எல்லாப் புற்றுநோயாளிக்கும் உடற்பயிற்சி சிகிச்சையின் வழக்கமான பகுதியாக வேண்டும் என்று அறிவித்தது.

அப்படியானால் பயிற்சி ஆயுளைக் கூட்டுமா என்று கேட்பீர்கள். வாத்தியார் கூடுதலாக மார்க் போடக்கூடாது. 2025இல் குடல் புற்றுநோய்க்குச் சிகிச்சை முடித்த 889 பேரிடம் நடந்த பெரிய ஆய்வில், மூன்று ஆண்டு பயிற்சித் திட்டத்தில் இருந்தவர்களில் எட்டாம் ஆண்டில் உயிரோடிருந்தவர்கள் 90.3 சதவீதம். கையேடு மட்டும் பெற்றவர்களில் 83.2 சதவீதம். ஆனால் அது வேறு நோய், வேறு கட்டம். நான் மேலே சொன்ன புராஸ்டேட் ஆய்வுகள் பன்னிரண்டு வாரம் போன்ற குறுகிய காலத்தவை, ஆயுளை அளக்க நடத்தப்பட்டவை அல்ல. அவை தருவது பலம், அசதிக் குறைவு, யாரையும் எதிர்பார்க்காமல் எழுந்து நடக்கும் கால்கள். ஊசிக்கும் மாத்திரைக்கும் பதிலாக அல்ல, அவற்றோடு சேர்த்து.

எனக்கு அது போதும். ஏழு மாதமாக வாரம் இரண்டு நாள் அந்தப் பெண்ணிடம் போகிறேன். என் ஸ்கேனை அவள் மனப்பாடமாக வைத்திருக்கிறாள். ரப்பர் பட்டையை இழுக்கிறேன், காலில் சின்ன எடை கட்டி முழங்காலை நீட்டுகிறேன், சைக்கிள் மிதிக்கிறேன். கை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுவதற்கு எனக்கு நான்கு மாதம் ஆயிற்று. அன்றைக்கு வீட்டுக்கு வந்து மனைவிக்கு எழுந்து எழுந்து காட்டினேன். "போதும், உட்காருங்க" என்றாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள்.

இதைப் படித்துவிட்டு யாரும் நாளைக் காலையில் அப்பாவை ஜிம்முக்கு இழுத்துப்போக வேண்டாம். முதலில் புற்றுநோய் மருத்துவரிடம் கேளுங்கள். எலும்புக்குப் பரவியிருந்தால் ஸ்கேனைப் பார்க்கத் தெரிந்தவரிடம் மட்டும் பயிற்சி செய்யட்டும். புதிதாக முதுகுவலி, கால் மரத்துப்போவது, கால் பலம் இழப்பது, சிறுநீரோ மலமோ கட்டுப்பாடு இல்லாமல் போவது, இவற்றில் ஒன்று வந்தாலும் பயிற்சியை நிறுத்திவிட்டு அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். முதுகுத்தண்டு நரம்பு அழுந்துகிறது என்பதற்கான அறிகுறி அது. ஒரு இரவுகூடத் தள்ளிப்போடக் கூடாது.

வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அவரால் முடிகிற வேலையை அவரிடமிருந்து பிடுங்காதீர்கள். தட்டை அவரே எடுத்துவைக்கட்டும், செருப்பை அவரே தேடட்டும். வழுக்கும் தரையையும் இருட்டு மாடிப்படியையும் மட்டும் நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒரு மன்னிப்பு. பாடம் முடியவில்லை என்று சொல்லி முப்பது வருடம் உங்கள் பி.டி. பீரியடைப் பிடுங்கி வரலாறு நடத்தியவன் நான். மைதானத்தைப் பார்த்தபடி நீங்கள் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தது எனக்கு நினைவிருக்கிறது. அந்த பீரியடுகளைத்தான் இப்போது வட்டியோடு திருப்பிச் செலுத்திக்கொண்டிருக்கிறேன்.

அடுத்த முறை வரும்போது காபியை நான்தான் எடுத்துவருவேன். கையைப் பிடித்து உட்காரவைக்காதீர்கள்.

அன்புடன்,
உங்கள் வரலாற்று வாத்தியார்